நாற்பது பேர் தூங்கும் வண்டி

ஒரு படி காணாமல் போகும். எந்த வீட்டுப் படி, எங்கே ஏறினேன் என்றெல்லாம் தெரியாது. தூக்கம் கண்ணை அழுத்தும் அந்த நொடியில் காலுக்குக் கீழே இருக்க வேண்டிய படி இருக்காது. நான் விழுவேன். உடம்பு மொத்தமும் தூக்கிவாரிப் போடும். வலது கால் போய் சுவரையோ என் மனைவி ஜாஸ்லினையோ உதைக்கும். கண்ணைத் திறந்தால் ஆவடியில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், மாடி வீட்டில் மிக்ஸி ஓடும், மணி காலை பதினொன்று ஆகியிருக்கும். அதோடு தூக்கம் போச்சு. எப்படிப் புரண்டு படுத்தாலும் வராது.

பகல் பதினொன்றுக்கு என்ன தூக்கம் என்று கேட்பவர்கள் என் வேலையைச் செய்து பார்க்கட்டும். நான் ரூபஸ், ஷிப்ட் பஸ் டிரைவர். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் ஓடும் வண்டி. விடியற்காலை நாலு ஐம்பதுக்கு ஆவடி செக்போஸ்டில் கிளப்ப வேண்டும். பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஐந்தே முக்காலுக்கு கேட்டில் நிற்க வேண்டும். திரும்பும்போது நைட் ஷிப்ட்காரர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி வண்டி எடுக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் எனக்கு இரவு. அதிலும் இந்தப் படி வந்து சேர்ந்தது.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. மறைப்பானேன். என் வண்டியில் ஏறுகிற நாற்பது பேரும் நசரத்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு தலை நிமிர்ந்திருக்காது. பதினோரு வருடமாக அப்படி ஓட்டுகிறேன். புதிய பஸ் நிலையத்துக்காக குத்தம்பாக்கம் பக்கம் லாரிகள் ஓடி ஓடி ரோடு குழியான நாட்களிலும் என் வண்டியில் யாரும் முழித்துக்கொண்டதில்லை. எந்தக் குழி எங்கே என்று எனக்கு மனப்பாடம்.

அதனால்தான் ஜாஸ்லினிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"இந்தத் தூக்கிப்போடற விசயம் வெளிய போவக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு உடாத."

"டாக்டராண்டயாவது போலாமே."

"போலாம். மொதல்ல நீ வாயை மூடு."

பயம் எதற்கென்றால், எங்களோடு யூசுப் பாய் என்று ஒருவர் வண்டி ஓட்டினார். ஒரு நாள் வெயிலில் தலை சுற்றி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. பாய்க்கு ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பி, பத்தே நாளில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஐயப்பன்தாங்கலில் ஒரு அபார்ட்மெண்டில் கேட் திறந்துவிடுகிறார். மற்றவர்கள் கார் போக வர சல்யூட் வைக்கிறார். எனக்கு அது ஆகாது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

ஜாஸ்லின் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஜெயகுமாரி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். யாருக்கு என்ன குறையோ அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டால், அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, எல்லாருமாக ஜெபிப்பார்கள். அதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. என் மனைவியும் எழுதவில்லை. 'டிரைவராக இருக்கும் ஒரு சகோதரனுக்குத் தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. விடுதலை வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அந்தக் கூட்டத்துக்கு வருவது பன்னிரண்டு குடும்பம். அதில் டிரைவர் நான் ஒருவன்தான்.

இன்னொரு விசேஷம், ஜெயகுமாரி அக்கா வேலை பார்ப்பது அதே திருமழிசை கம்பெனியில், தகடு வெட்டும் பிரஸ் மெஷினில். வருவது என் வண்டியில். உட்காருவது வலது பக்கம் இரண்டாவது சீட்டில், என் முதுகுக்குப் பின்னால்.

திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போல ஏறினார். "ஸ்தோத்திரம் தம்பி" என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். பருத்திப்பட்டு தாண்டியதும் பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கண்ணை மூடி, வலது கையை என் முதுகை நோக்கி நீட்டி, ஜெபித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுப் பெண் பவ்யா, "இன்னா அக்கா, டிரைவருக்கு இன்னா?" என்று கேட்டாள். அக்கா அவள் காதில் சொன்னார். பவ்யா தன் பின்சீட்டில் சொன்னாள். கரையான்சாவடி வருவதற்குள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போகும் வழியில் தூக்கிப்போடுதல் ஃபிட்ஸ் ஆகியிருந்தது.

அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. நாற்பது பேரும் நெட்டுக்குத்தாக உட்கார்ந்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் கழுத்தைச் சொறிந்தால் நாலு பேர் எழுந்தார்கள். முதல் சீட்டில் வரும் பிரசன்னா தன் வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது, "இன்னாடா சாவியைப் பிடிச்சிகினே வர?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா, உங்களுக்குத் திடீர்னு வந்திச்சுன்னா கையில இரும்பு குடுக்கணும்ல."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அவனைத் தூக்கிப்போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஜாஸ்லின் அழுதாள்.

"நான் பேரு போடலீங்க. ஆண்டவராண்டதான சொன்னேன்."

"ஆண்டவராண்ட சொல்றதுன்னா வாயால சொல்லேன். அவுருக்கு இன்னாத்துக்குடி சீட்டு?"

மூன்றாம் நாள் வெங்கட் கூப்பிட்டனுப்பினான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நான் வண்டி துடைக்கக் கற்றுக்கொடுத்தவன். நாற்காலியை இழுத்துப் போட்டு, துக்கவீட்டுக்கு வந்தவன் மாதிரி குரலை இறக்கிக் கேட்டான்.

"எத்தினி நாளா கீது, அண்ணாத்தே?"

"ஒண்ணும் இல்ல வெங்கட்டு. தூங்கப் போறப்ப ஒரு தபா தூக்கிப்போடும். வண்டியில ஒரு நாளும் வந்தது இல்ல."

"புரியுது. ஆனா லேடீஸ்லாம் கையெழுத்து போட்டு எச்ஆர்ல குடுத்துட்டாங்க. டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் சரவணக்குமார் ஓட்டட்டும். நீ கூடப் போய் ஆள் ஏத்தி எறக்கு."

மேஜையில் உள்ளங்கையை விரித்து வைத்தான். நான் சாவியை வைத்தேன். அந்தச் சாவியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருப்பேன், இருட்டில் தேடாமல் கிடைக்க. அதைக் கழற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கழற்றினால் சாவி திரும்பி வராது என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் போவதற்கு முன் ஜாஸ்லின் ஒரு யோசனை சொன்னாள். வாயால் சொன்னால் டாக்டருக்கு விளங்காது, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போகலாம் என்று. சரி என்றேன். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, வழக்கமான பதினோரு மணிக்குப் படுத்தேன். அவள் பக்கத்தில் சாய்ந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். யாருக்காவது தூக்கம் வருமா? பதினோரு வருடத்தில் ஒரு நாள் தவறாமல் தூக்கம் வந்த நேரம், அன்றைக்கு மட்டும் வரவில்லை. வேண்டாத நாளெல்லாம் வந்து என்னை உதைத்த படி, வேண்டும் என்று காத்துக் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் எப்படியோ கண் அயர்ந்திருக்கிறேன். எழுந்தபோது போன் தரையில் கிடந்தது, நேரமாகியிருந்தது. "முப்பத்தெட்டு நிமிசம் ஓடிக்கீது, அதுல எங்கனா இருக்கும், வாங்க" என்று ஜாஸ்லின் கிளப்பினாள். அப்படியே பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் எழிலரசி நரம்பு டாக்டர். பொறுமையாகக் கேட்டார். முட்டியில் சுத்தியால் தட்டினார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், கண்ணில் லைட் அடித்தார். பிறகு போனை வாங்கி ஓட்டினார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் மூஞ்சி. மூஞ்சி, மூஞ்சி, மூஞ்சி. டாக்டர் விரலால் தள்ளினார். படம் மெல்லச் சாய்ந்தது. சுவர் தெரிந்தது, பைபிள் வசன காலண்டர் தெரிந்தது. திடீரென்று மொத்தமும் குலுங்கியது. ஒரு நைட்டி விளிம்பு, கொலுசு போட்ட கால் ஒன்று காற்றில் உதைத்தது. டமார் என்ற சத்தம். பிறகு கடைசி வரைக்கும் கட்டிலின் அடிப்பக்கம்.

"இது யார் கால்?" என்றார் டாக்டர்.

ஜாஸ்லின் புடவைக்குள் காலை இழுத்துக்கொண்டாள். "எனக்கும் ஃபிட்ஸா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கும் இல்ல, அவருக்கும் இல்லம்மா. தூக்கத்துக்குள்ள போறப்போ உடம்பு தளரும். சில நேரம் சதை எல்லாம் ஒரு சேரச் சுண்டும். விழற மாதிரி தோணும். எனக்கும் வரும். நிறையப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. தூக்கம் பத்தலைன்னா, கவலை இருந்தா, டீ காபி அதிகமானா ஜாஸ்தி வரும். ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஏழு, எட்டு" என்றேன்.

"ரெண்டு போதும். சாயங்காலம் வேணாம். கெடைக்கிற நேரத்துல இருட்டா வெச்சிட்டுப் படுங்க." ஃபிட்ஸ் இல்லை, இது தூக்கத்தில் சாதாரணமாக வருவது, வண்டி ஓட்டலாம் என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜாஸ்லினுக்கு சமோசா வாங்கிக் கொடுத்தேன். கஷ்டகாலம் முடிந்தது என்று நினைத்தேன்.

வெங்கட் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். "கரெக்டா கீது அண்ணாத்தே. எனக்கு ஓகே. ஆனா ஜனங்க?"

"ஜனங்களுக்கு இன்னா?"

"டாக்டர் எழுதிட்டா அவங்க தூங்கிடுவாங்களா? தூக்கம் இல்லாம வந்து மெஷின்ல நிக்க மாட்டோம்ன்றாங்க. ஜெயகுமாரி அக்கா ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க. அவங்களைப் பாரு."

படித்த டாக்டர் சுத்தியால் தட்டிப் பார்த்துச் சொன்னது செல்லாது. பிஸ்கட் டப்பா வைத்திருக்கிற அக்கா சொன்னால் செல்லும். தலையெழுத்தே என்று போய் நின்றேன். அக்கா தாளை வாங்கவில்லை.

"ஆண்டவர் சொகம் குடுத்துட்டார்னு ஞாயித்துக்கெழமை சபையில நின்னு சாட்சி சொல்லு தம்பி. அப்பறம் நானே எல்லாருக்கும் சொல்றேன்."

"வராத வியாதி எப்படிக்கா சொகம் ஆவும்? ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றியா?"

"தூக்கிப்போட்டுச்சா இல்லியா?"

"போட்டுச்சு. அது வியாதி இல்ல."

அக்கா என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "அப்ப உன் இஷ்டம்" என்று கதவைச் சாத்தினார். நான் தெருவென்றும் பார்க்காமல் அந்த டப்பாவை ஒரு உதை விட்டேன். உள்ளே இருந்த சீட்டுகள் வாசலெல்லாம் சிதறின. பிறகு நானே குனிந்து பொறுக்கிப் போட்டேன்.

மறுநாள் முதல் எனக்கு பானெட்டில் இடம். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் ரெக்ஸின் போட்டு வைத்திருப்பார்கள். பின்னால் பார்த்துத்தான் உட்கார முடியும். சூடு பின்பக்கத்தைப் பொசுக்கும். சரவணக்குமார் மோசமான டிரைவர் இல்லை, ஆனால் அவனுக்குக் குழிகள் தெரியாது. ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கும்போது என் நெஞ்சு இறங்கும். அந்தக் குலுக்கலிலும் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். யார் ஓட்டினாலும் தூங்குகிறவர்களுக்காகவா பதினோரு வருடம் குழி பார்த்து ஓட்டினேன் என்று இருந்தது.

ஆனால் ஒன்று, அவர்கள் முகத்தை நான் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். கண்ணாடியில் தெரிவது உச்சந்தலைகள் மட்டும்தான். இப்போது நாற்பது முகம். வாயைப் பிளந்து சில, நெற்றியைச் சுளித்து சில. பவ்யா துப்பட்டாவால் முகத்தைப் போர்த்தியிருந்தாள். காடுவெட்டி தாண்டியதும் பிரசன்னாவுக்குத் தலை சாய்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று அவன் தோள் துள்ளியது, சாவிக்கொத்து மடியிலிருந்து கீழே விழுந்தது. அவன் எழவேயில்லை. கொஞ்ச நேரத்தில் துப்பட்டாவுக்குள் பவ்யா ஒரு உதறு உதறினாள். நாலாவது வரிசையில் ஒரு கால். கம்பியில் சாய்ந்திருந்த ஒரு கை. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கைகள் எல்லாம் என் கண் முன்னால் துள்ளின.

சென்னீர்குப்பத்தில் ஜெயகுமாரி அக்காவுக்கு வந்தது. மற்றவர்களுக்கு வந்தது போலச் சின்னதாக இல்லை. உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போட்டு, முன்சீட்டுக் கம்பியில் முட்டி இடித்து, மடியிலிருந்த சாப்பாட்டுப் பை உருண்டு என் காலடிக்கு வந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். முதலில் இடது பக்கம் பார்த்தார், பிறகு வலது பக்கம், பிறகு பின்னால். யாரும் பார்க்கவில்லை என்று மூச்சு விட்டுத் திரும்பினார். எதிரே நான்.

பையை எடுத்து நீட்டினேன். வெங்கட்டின் குரல் அப்படியே என் வாயில் வந்தது.

"எத்தினி நாளா கீது, அக்கா?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. முன்னால் குனிந்து, இன்ஜின் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி."

அக்கா பையை மடியில் அணைத்துக்கொண்டார்.

"ஆறு வருசமா கீது. பிரஸ்ல நிக்கிறேன், தெரிஞ்சிச்சுன்னா பெருக்கற வேலைக்குத் தள்ளிடுவாங்க. எங்க அப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு. எனக்கும் அதான்னு டாக்டராண்ட போகவே பயம்."

"ஜெபக்குறிப்பா எழுதிப் போடறேன்கா. பேரு போடாம."

இந்த வார்த்தையை இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தவன் போலச் சொன்னேன். சொல்லும்போது ருசியாகத்தான் இருந்தது. அக்கா கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"உன் சீட்டைப் படிச்சப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. நம்ம வியாதி இவனுக்கும் கீதேன்னு. உனக்குப் பண்ண ஜெபம் எல்லாம் எனக்கும் சேத்துதான் பண்ணேன்."

என்னால் அதற்கு மேல் ருசி பார்க்க முடியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து டாக்டர் கொடுத்த தாளை எடுத்தேன். அது இங்கிலீஷில் இருந்தது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொன்னேன். சதை சுண்டுவது, படி காணாமல் போவது, டாக்டருக்கே வருவது, ஜாஸ்லின் போனை உதைத்தது, ஏழு டீ எல்லாம். "படி" என்றதும் அக்கா நிமிர்ந்து, "எனக்குக் கெணறு" என்றார். தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவுக்கு இருந்திச்சுன்றீங்களே, எதுக்கும் அந்த டாக்டரம்மாவ ஒரு தபா பாருங்க" என்றேன். கம்பெனி கேட் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டு, ஜாஸ்லினைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லி போய் வந்தார். ஒன்றும் இல்லை என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரே எழுந்து சாட்சி சொன்னார். ஒரு ஓட்டுநர் சகோதரனுக்கும் வேறொரு சகோதரிக்கும் இருந்த பெரிய பயத்தை ஆண்டவர் டாக்டர் மூலமாக நீக்கிவிட்டார் என்று. பெயர் சொல்லவில்லை. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சகோதரி யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாஸ்லின் என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்போது நாலு பேர் கை கொடுத்து, "ஃபிட்ஸ் போயிடுச்சாமே, ஸ்தோத்திரம் பிரதர்" என்றார்கள். இல்லாத ஃபிட்ஸ் எனக்குப் போனது இனி சாகும் வரை ஊர் கணக்கில் இருக்கும்.

அக்கா வெங்கட்டிடமும் சொல்லியிருக்க வேண்டும், திங்கட்கிழமை சாவி வந்தது. சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது.

நாலு ஐம்பதுக்குக் கிளப்பினேன். யாரும் சாயவில்லை. கண்ணாடியில் தெரிந்த தலையெல்லாம் நிமிர்ந்தே இருந்தன. பிரசன்னா சாவியை எடுத்து மடியில் வைத்தான். இந்த வண்டி இனி தூங்காது என்றுதான் நினைத்தேன்.

பருத்திப்பட்டு ஏரி பக்கம் வந்தபோது ஜெயகுமாரி அக்கா எழுந்தார். எல்லாரும் பார்க்க, சாப்பாட்டுப் பையின் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினார். வேண்டுமென்றுதான் செய்தார். காடுவெட்டியில் பவ்யா சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் இறங்கின. பிரசன்னா கொட்டாவி விட்டுவிட்டு சாவியைப் பைக்குள் போட்டான்.

குழிகளை எல்லாம் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். நசரத்பேட்டை தாண்டும்போது கண்ணாடியில் ஒரு அசைவு தெரிந்தது. அக்காவைத் தூக்கிப் போட்டிருந்தது. பை மணிக்கட்டிலேயே தொங்கியது. கண்ணைத் திறந்து அவசரமாக இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் எதையும் பார்க்காதவன் போலக் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன்.